யாரைத் தோற்கச் சொல்கிறீர்கள்?

கேள்வி (நியூ ஜெர்சி வாசகர் ஒருவர்): அமெரிக்க ஃபுட்பாலில் நான் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகன். 2024 சீசனில் முதல் 15 ஆட்டங்களில் எங்களுக்கு 13 தோல்வி. மிச்சமிருந்த இரண்டிலும் தோற்றிருந்தால், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் முதல் இடம் எங்களுக்குத்தான். ஆனால் டிசம்பர் 29 அன்று, வேலை மெனக்கெட்டு, இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸை 45-33 என்று ஜெயித்துத் தொலைத்தார்கள். மெட்லைஃப் ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கைதட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பிளேஆஃபுக்கு முந்தைய ரெகுலர் சீசன் முடியும் நேரத்தில், வாய்ப்பிழந்த அணி தோற்பதுதானே புத்திசாலித்தனம்?

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: என்.எஃப்.எல். என்ற இந்த லீகில் ஐபிஎல் ஏலம் மாதிரிப் பணப்பை பேசுவதில்லை. கல்லூரியிலிருந்து வரும் புது வீரர்களை அணிகள் வரிசையாக அழைத்துக்கொள்ளும். 32 அணிகளில் எது ஆக மோசமோ, அதற்கே முதல் அழைப்பு. ஆகவே ஜனவரியில் 14 அணிகள் பிளேஆஃப் கணக்கில் மூழ்கியிருக்க, மீதி 18 அணிகளின் ரசிகர்களில் பாதிப் பேர் உங்களைப் போலத் தலைகீழாக எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

சரி, 'அணி தோற்க வேண்டும்' என்கிறீர்களே, அந்த அணி யார்? முதலாளிக்குக் கவலையில்லை, ஏப்ரல் டிராஃப்ட்டன்றும் அவர் முதலாளிதான். களத்தில் நிற்கிறவன் கதையே வேறு. அன்று உங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர், ட்ரூ லாக். ஒரே ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வந்தவர். சீசன் முடிந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த முதல் இடத்தை வைத்து நீங்கள் யாரைக் கொண்டுவர ஆசைப்பட்டீர்கள்? ஒரு புது குவார்ட்டர்பேக்கை. அதாவது, லாக்கின் நாற்காலியில் உட்காரப் போகிறவனுக்கு லாக்கே தோற்று வழிவிட வேண்டும்! அவரோ நான்கு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது, ஆறு புள்ளி) பாஸ் எறிந்தார், ஐந்தாவதைத் தானே ஓடி எடுத்தார். நீங்கள் பார்த்தது அவருடைய வேலை விண்ணப்பம். அடுத்த வசந்தத்தில் சியாட்டில் அவரைச் சேர்த்துக்கொண்டது.

லாக் மட்டுமில்லை. எறிந்த பந்தைப் பிடித்து ஓடும் தம்பா பே வீரர் மைக் எவன்ஸ் அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில், ஜெயம் உறுதியான பிறகு, சீசன் முழுக்கப் பிடித்து முன்னேறிய கணக்கில் 1,000 யார்டுக்கு ஐந்து யார்டு குறைவாக நின்றார். குவார்ட்டர்பேக் பந்தோடு ஒரு முறை முழங்காலிட்டு நேரத்தைக் கடத்தினால் ஆட்டம் முடிந்தது. அவர் முழங்காலிடாமல் எவன்ஸுக்குப் பந்தை எறிந்தார். ஒன்பது யார்டு. எவன்ஸுக்கு 30 லட்சம் டாலர் போனஸ், தொடர்ந்து 11-ஆவது ஆயிரம் யார்டு சீசன். மொத்த அணியும் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டது. கடைசி வாரத்தில் 'ஒன்றுமில்லாத ஆட்டம்' என்பது டிவி முன்னால் இருக்கிறவருக்கு மட்டும்தான்.

பயிற்சியாளர்? அவருக்கு ஏப்ரல் வரை ஆயுள் இருந்தால்தானே! ரெகுலர் சீசன் முடிந்த மறுநாளுக்கு அங்கே 'கறுப்புத் திங்கள்' என்றே பெயர். சிலருக்குத் திங்கள்கூட வருவதில்லை. 2025 ஜனவரி 5 அன்று நியூ இங்கிலாந்து, மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்து பஃபலோவை 23-16 என்று ஜெயித்து, கையிலிருந்த முதல் இடத்தைக் கோட்டைவிட்டது. ஜெயித்த பயிற்சியாளர் ஜெராட் மேயோவுக்கு அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. அவரைப் போய்த் தோற்றுக் கொடு என்றால், யாருக்காகத் தோற்பார்? தன் இடத்துக்கு வரப்போகிறவருக்காகவா?

இனி உங்களுக்குப் பிடிக்காத விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் புத்திசாலித்தனத்தை ஒரு அணி செய்தும் காட்டியிருக்கிறது. 2021 ஜனவரி 3, பிலடெல்பியா. எதிரே வாஷிங்டன். பிலடெல்பியா ஏற்கெனவே வெளியே போயாகிவிட்டது. 17-14 என்று மூன்றே புள்ளி பின்தங்கியிருந்த நிலையில், நான்காம் குவார்ட்டரில் பயிற்சியாளர் டக் பீடர்சன் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை வெளியே இழுத்து, பெஞ்சிலிருந்து நேட் சட்ஃபெல்டை இறக்கினார். 'அவருக்கும் ஒரு வாய்ப்பு' என்று காரணம் சொன்னார். 20-14, தோல்வி. ஏழே வெற்றியோடு வாஷிங்டன் டிவிஷன் (நான்கு அணிப் பிரிவு) சாம்பியன், பிளேஆஃபுக்கும் போனது. பிலடெல்பியா டிராஃப்ட்டில் ஒன்பதாம் இடத்தில் இருக்க வேண்டியது ஆறுக்கு ஏறியது. அந்த ஆறாம் இடத்தை மயாமிக்குக் கைமாற்றி, அடுத்த வருஷத்தின் முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் சேர்த்து வாங்கினார்கள். லாபம்தான், மறைக்கவில்லை.

அன்றிரவு பிலடெல்பியா ஜெயித்திருந்தால் டிவிஷன் யாருக்குப் போயிருக்கும் தெரியுமா? மதியமே டாலஸை 23-19 என்று ஜெயித்துவிட்டு, டிவி முன் நகம் கடித்துக்கொண்டிருந்த உங்கள் ஜயன்ட்ஸுக்கு! அன்று நியூ ஜெர்சியில் எழாத சாபம் இல்லை. ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் ஜோ ஜட்ஜ், நான் இருக்கும்வரை இந்த அணி அப்படி ஆட்டத்தை அவமதிக்காது என்று பொரிந்து தள்ளினார். (அவர் அதிக நாள் இருக்கவில்லை. பீடர்சனின் வேலை போனது 2021 ஜனவரி 11, ஜட்ஜின் வேலை போனது 2022 ஜனவரி 11. ஜோசியர்கள் கவனிக்க.) அன்று பிலடெல்பியா செய்தால் துரோகம், இன்று நீங்கள் கேட்டால் புத்திசாலித்தனமா? உங்களைப் போலவே இண்டியானாபோலிஸ் ரசிகருக்கும் ஒரு கணக்கு இருந்தது. அன்று உங்களிடம் தோற்றதில்தான் அவர்களுடைய பிளேஆஃப் கதவு அடைபட்டது. நீங்கள் விட்டுக்கொடுத்திருந்தால், வெளியே காத்திருந்த வேறொரு அணி உங்களைச் சபித்திருக்கும்.

முதல் இடம் கிடைத்துவிட்டால் மட்டும் என்ன நிச்சயம்? 2023 ஜனவரி 8. ஹூஸ்டன், அதே இண்டியானாபோலிஸோடு, 31-24 பின்தங்கியிருக்கிறது. தோற்றால் முதல் இடம். நான்காவது, கடைசி முயற்சி, 20 யார்டு முன்னேற வேண்டும், ஒரு நிமிஷம்கூட இல்லை. டேவிஸ் மில்ஸ் எறிகிறார், ஜோர்டன் ஏகின்ஸ் எண்ட்ஸோனில் பிடிக்கிறார், டச்டவுன். அடுத்து ஓர் உதை விட்டால் ஒரு புள்ளி, டை. அவர்களோ இரண்டு புள்ளிக்குப் போய், அதையும் ஏகின்ஸே பிடித்து, 32-31. முதல் இடம் சிகாகோவுக்குத் தாவியது. பயிற்சியாளர் லவி ஸ்மித் அன்றிரவே காலி. அந்த முதல் இடத்தை சிகாகோவிடம் பெரும் விலை கொடுத்து வாங்கிய கரோலினா, அடுத்த சீசனில் 2 வெற்றி, 15 தோல்வி. இரண்டாம் இடத்தில் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்த ஹூஸ்டன் 10-7, டிவிஷன் சாம்பியன். ஜெயித்ததற்குக் கடவுள் கொடுத்த பரிசு என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், சீட்டு அப்படி விழுந்தது. குவார்ட்டர்பேக் பெய்ட்டன் மேனிங்கை முதல் இடத்தில் எடுத்து இண்டியானாபோலிஸ் வாழ்ந்த கதையும் உண்டு. ஆனால் சூதாட்டத்தில் ஓர் இடம் முன்னே உட்காரவா மிச்ச ஆட்டங்களை விற்கச் சொல்கிறீர்கள்?

அந்த டிசம்பருக்கே திரும்புவோம். ஜயன்ட்ஸ் ரசிகர்கள் முதலாளியைத் திட்டி, ஸ்டேடியத்துக்கு மேலே விமானத்தில் பேனர் பறக்கவிட்ட மாதம் அது. சொந்த மண்ணில் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. அன்று இஹ்மிர் ஸ்மித்-மார்செட் கிக்ஆஃபில் எதிரணி உதைத்த பந்தை வாங்கி நூறு யார்டு ஓடினார். மலிக் நேபர்ஸ் 171 யார்டு, அதில் ஒன்று 59 யார்டு டச்டவுன். நேபர்ஸ் கையில் பந்து விழுந்து, முன்னால் ஒருவரும் இல்லாத அந்த நொடியில், நீங்கள் உட்கார்ந்தா இருந்தீர்கள்? அடுத்த கடிதத்தில் உண்மையை எழுதுங்கள்.