கிறிஸ்துமஸ் நோம்பிக்கு அம்மாவுக்கு என்ன எடுக்கலாம்? – அக்கா பதில்கள்

கேள்வி: அக்கா, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கறேன். வீடு சோமனூர் பக்கம். தீபாவளி போனஸ் தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்குப் போயிடுச்சு. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சம்பளம் வாங்கித்தான் அம்மாவுக்கு ஏதாவது எடுக்க முடியும். எல்லாச் செலவும் போக 750 ரூபாய் நிற்கும். அம்மா தறிக்குடோன்ல தார்ல நூல் சுத்தறாங்க, ஆள் வராத நாள்ல தறியும் ஓட்டுவாங்க. என்ன வேணும்னு கேட்டா, "எனக்கெதுக்கு சாமி, நீ ஒரு சட்டை எடுத்துக்கோ"ங்கறாங்க. ஒரு சேலை எடுத்துடட்டுமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: சேலை வேண்டாம் தம்பி. ஜவுளிக்கடை சேலை செக்‌ஷன்ல நின்னே பாதி வயசைக் கழிச்சவ சொல்றேன், கேளுங்க. நோம்பிக்கு முந்தின நாள் பொழுதோட கடைக்குள்ள வேர்த்து விறுவிறுத்து வர்ற பசங்களைப் படியேறும்போதே கண்டுபிடிச்சுடுவோம். "அம்மாவுக்கு ஒரு சேலைங்க." என்ன கலருங்க? தெரியாது. காட்டன் கட்டுவாங்களா? தெரியாது. முதல்ல விரிச்சதையே மடிக்கச் சொல்லி, பில் போட்டு, பையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க.

அந்தச் சேலைக்கு அப்புறம் ஃபால்ஸ் அடிக்கணும், ஓரம் அடிக்கணும், ஜாக்கெட் தைக்கணும். கிறிஸ்துமஸ் வாரத்துல எந்த டைலர் புதுத்துணி வாங்கறார்? பொங்கலுக்குப் பார்க்கலாம்னு ஓரமா வெச்சுடுவார். தையல்கூலி யார் தலையில விழும்? உங்க அம்மா தலையிலதான்.

நெகமம் காட்டன் நல்ல சேலைதான். 2023-ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. ஆனா கைத்தறி நெகமம் உங்க 750-க்குள்ள அடங்காது. அந்த விலைக்கு ஒருத்தர் நீட்டினா அது பெரும்பாலும் விசைத்தறிச் சரக்கு. தறிக்குடோன்ல இருக்கற பொம்பளைக்குத் துணியைத் தொட்டதுமே அது தெரிஞ்சுடும். சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

உங்க கடுதாசியில என் கண்ணுல பட்டது சேலை இல்லை, தார் சுத்தற கால். சிமெண்டுத் தரையில நாள் முழுக்க நிக்கறவங்க. காலைல கட்டில்லருந்து இறங்கி முதல் அடி வைக்கறப்ப முகத்தைச் சுளிக்கறாங்களான்னு ரெண்டு நாள் கவனிங்க. அவங்க இப்ப போட்டிருக்கற ரப்பர் செருப்பைத் திருப்பிப் பாருங்க, குதிகால் இருக்கற இடம் தேய்ஞ்சு காகிதமாட்ட இருக்கும்.

எம்.சி.ஆர் செருப்புன்னு கேளுங்க, செருப்புக்கடையிலயே கிடைக்கும். சில ஊர்ல மெடிக்கல்லயும் வெச்சிருக்காங்க. உள்பாதம் மெத்துன்னு இருக்கற ரப்பர். சர்க்கரைக்காரங்களுக்கும் குதிகால் வலிக்காரங்களுக்கும் டாக்டருங்க சொல்றது இதைத்தான். சாதாரண மாடல் உங்க காசுக்குள்ள வரும், மிச்சமும் நிக்கும். பெருவிரலால அமுக்கிப் பாருங்க: அமுங்கணும், விட்டதும் மேல வரணும். அமுங்கினது அப்படியே குழியா நின்னுதுன்னா வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து கால் மரத்துப் போகுதுன்னா விரலிடுக்கு வார் வெச்சது கூடாது, மேல பட்டை வெச்சு ஒட்டற மாதிரி எடுங்க.

அளவுக்கு ஒரு வழி சொல்றேன். வேலை முடிஞ்சு வந்து படுத்த பிறகு செருப்பைப் பேப்பர் மேல வெச்சு பென்சில்ல சுத்தி வரைஞ்சுக்குங்க. ஆனா பழைய செருப்பே அவங்களுக்குச் சின்னதா இருந்தா? அதனால பாதத்தை வரைய முடிஞ்சா இன்னும் நல்லது, அதுவும் சாயங்காலத்துல. நின்னு நின்னு கால் வீங்கி இருக்கும். காலைல எடுத்த அளவு பொழுதோட பத்தாது. ஏன்டா வரையறேன்னு கேட்டா தங்கச்சி மேல பழியைப் போட்டுடுங்க. பில்லைப் பத்திரமா வெச்சு, நோம்பி முடிஞ்சு மாத்திக்கலாமான்னு கடைக்காரர்கிட்ட முன்னாடியே கேட்டுக்கணும்.

"நோம்பியும் அதுவுமா செருப்பையாடா வாங்கிக் கொடுப்பே?"ன்னு ஒரு வார்த்தை கண்டிப்பா வரும். அம்மா சொல்லலைன்னாலும் சித்தி சொல்லும். காதுல வாங்கிக்காதீங்க. கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்கு ராத்திரி பூசைக்கு அதைப் போட்டுட்டு நடந்து பார்க்கட்டும், பேச்சு தானா நின்னுடும்.

மிச்சம் இருக்கற காசுக்குக் கேக் வாங்கிடாதீங்க, அதை வீடே தின்னுடும். பத்து ரூபாய் நோட்டா மாத்தி ஒரு கவர்ல போட்டு அம்மா கையில கொடுங்க. பாட்டுப் பாடிட்டு கேரல் குழு வரும், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டின பையன் ஆடுவான், ஒறம்பரைப் புள்ளைங்க, அதான் சொந்தக்காரப் புள்ளைங்க, வந்து காலைச் சுத்தி நிக்கும். அந்த நேரத்துல அஞ்சறைப் பெட்டியைத் துழாவாம, அவங்க இஷ்டத்துக்கு எடுத்துக் கொடுக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு கிறிஸ்துமஸ் பரிசா மிக்ஸி வாங்கலாமா? பழசு சத்தம் போடுது.
– வாசகர், காங்கேயம்

பதில்: தாராளமா வாங்குங்க. வீட்டுச் செலவுக் கணக்குல எழுதிட்டு, அப்புறம் அம்மாவுக்கு என்னன்னு கேட்டு எழுதுங்க. போசி, குண்டா, குக்கர் கேக்கறவங்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: நானும் அண்ணனும் சேர்ந்து 1,500 ரூபாய் போடறோம். அம்மாவுக்கு எழுபது வயசு. பவானி ஜமக்காளம் வாங்கிக் கொடுத்தா ஞாபகமா இருக்குமே?
– வாசகி, பெருந்துறை

பதில்: ஜமக்காளம் நம்ம ஊர்ப் பெருமை, அதுல எனக்கு ரெண்டாம் பேச்சில்லை. ஆனா அது ஒறம்பரை வந்தா விரிக்கற சாமான் அம்மிணி. உங்க அம்மா அதைத் தட்டி மடிச்சு பீரோ மேல ஏத்தி வெச்சுட்டு, பழைய பாய்லயே உக்காருவாங்க. இந்தக் காசைத் தூக்கிட்டுச் சென்னிமலைக்குப் போங்க, உங்களுக்குப் பக்கம்தானே. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக் கடையில கைத்தறி முத்திரை பார்த்து ஒரு பருத்திப் போர்வை எடுங்க. மார்கழி வெடியக்காலைல குளிர்காத்து உள்ள வர்றப்ப கம்பளி குத்துதுன்னு எறியறவங்களும் அதைப் போத்திக்குவாங்க. ரொம்பக் கனமானது வேண்டாம். எழுபது வயசுல ஊற வெச்சுத் துவைச்சுப் பிழியறது யாரு? எடுக்கும்போதே கையில தூக்கிப் பாருங்க. மிச்சக் காசு போதும்னா அதே மாதிரி இன்னொண்ணு வாங்கிடுங்க, ஒண்ணு கொடியில காயறப்ப ஒண்ணு வேணுமே.

கேள்வி: அம்மாவோட பைபிள் அட்டை கிழிஞ்சு நூல் தொங்குது. புதுசு வாங்கிக் கொடுக்கலாமா? கையில 500 ரூபாய்தான் இருக்கு.
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: புதுசு வாங்கறதுன்னா முதல்ல எந்தச் சபைன்னு பாருங்க. கத்தோலிக்க வீட்டுல 1995-ல வந்த பொது மொழிபெயர்ப்பு வாசிப்பாங்க, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுல பழைய மொழிபெயர்ப்பு. மாத்தி வாங்கிட்டீங்கன்னா மனப்பாடமா இருக்கற சங்கீதமே வேற வார்த்தையில நிக்கும், அம்மா ரெண்டு பக்கம் பார்த்துட்டு மூடி வெச்சுடுவாங்க. கண்ணு மங்கலா இருக்குன்னு சொல்றவங்களா இருந்தா பெரிய எழுத்துப் பதிப்பைக் கேளுங்க, ஆனா மடியில வெச்சு வாசிக்கற கனமான்னு தூக்கிப் பார்த்துக்குங்க.

எழுத்து நல்லாத் தெரியுது, அட்டைதான் போச்சுன்னா, புதுசே வேண்டாம். பைண்டிங் கடையில கொடுத்துத் தைச்சு வாங்குங்க, 500 ரூபாயில பெரும்பாலும் மீதி வரும். பசை காயணும், அதனால ரெண்டு மூணு நாள் முன்னாடியே கொடுக்கணும். 24-ஆம் தேதி கொண்டுபோய் நிக்காதீங்க. தினமும் வாசிக்கறவங்களா இருந்தா சொல்லாம எடுத்துட்டுப் போகவும் கூடாது, வீட்டையே தலைகீழாக்கித் தேடுவாங்க. சொல்லிட்டே எடுங்க. உள்ள செருகியிருக்கற சீட்டு, போட்டோ எல்லாம் எந்தப் பக்கத்துல இருந்ததுன்னு குறிச்சு வெச்சுட்டு எடுத்துடுங்க. பைண்டர்கிட்ட மறக்காம ஒண்ணு சொல்லணும்: ஓரத்தை மெஷின்ல வெட்ட வேண்டாம். பக்க ஓரத்துல அம்மா எழுதி வெச்ச தேதி, பேரெல்லாம் அதோட போயிடும்.