கோல்ஃபில் ஸ்விங் பிளேன் எண்ணைப் படிப்பது எப்படி? – கேள்வி பதில்

கணக்கெல்லாம் வலது கை ஆட்டக்காரருக்கு. திசையில் பிளஸ் என்றால் இலக்குக்கு வலம், மைனஸ் இடம். அட்டாக் ஆங்கிளில் (பந்தைத் தொடும் கணத்தில் கிளப் ஹெட் ஏறும் அல்லது இறங்கும் கோணம்) பிளஸ் மேல்நோக்கி, மைனஸ் கீழ்நோக்கி.

கேள்வி: ட்ராக்மேனில் (ஸ்விங்கை அளக்கும் ரேடார் மெஷின்) 7 அயர்ன் கிளப்புக்கு ஸ்விங் பிளேன் 61 டிகிரி காட்டுகிறது. பேக்ஸ்விங்கின் (கிளப்பைப் பின்னால் தூக்குவது) உச்சியில் கிளப் படுத்துக் கிடக்கிறது என்கிறார் கோச். எது சரி சார்?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். அந்த எண் பேக்ஸ்விங்கைப் பார்ப்பதே இல்லை. கிளப் ஹெட் முழங்கால் உயரத்திலிருந்து இறங்கி, பந்தைத் தாண்டி மறுபடி அதே உயரம் ஏறும் வரையிலான வளைவு தரையோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே அது. உச்சியை வீடியோவில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ட்ரைவருக்கு (மிக நீளமான கிளப்) 47தான் வருகிறது. குறைவா?

பதில்: இல்லை. ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு) நீளமானது, பந்தும் தள்ளி இருக்கிறது. பிளேன் படுக்கத்தான் செய்யும். குட்டையான வெட்ஜ் கிளப்பிலும் அதே 47 வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போது பந்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

கேள்வி: ஸ்விங் டைரக்ஷன் மைனஸ் 2, கிளப் பாத் 0. மெஷின் கோளாறா?

பதில்: மெஷின் சரிதான். டைரக்ஷன் என்பது மொத்த வளைவு நோக்கும் திசை; பாத் என்பது பந்தைத் தொடும் கணத்தில் கிளப் ஹெட் போகும் திசை. வளைவு சாய்ந்திருப்பதால், கிளப் இறங்கும்போது கூடவே வலப்பக்கம் வெளியேயும் போகிறது. ஏறும்போது இடப்பக்கம் உள்ளே வருகிறது. எவ்வளவு என்று பார்க்க, அட்டாக் ஆங்கிளைப் பிளேனின் டேன் மதிப்பால் (கால்குலேட்டரில் tan) வகுங்கள். 60 டிகிரிக்கு டேன் 1.73. அட்டாக் மைனஸ் 3.5 என்றால் சுமார் 2 டிகிரி வலம். உங்கள் மைனஸ் 2 அதோடு கழிந்து பாத் 0 ஆகிறது.

இனி அதே மைனஸ் 2 திசையில் ட்ரைவரை பிளஸ் 3 அட்டாக்கில் அடியுங்கள். 47 டிகிரிக்கு டேன் 1.07, 2.8 டிகிரி இடப்பக்கம் சேரும். பாத் மைனஸ் 4.8! அயர்ன் நேராகப் போகிறவருக்கு ட்ரைவர் மட்டும் ஸ்லைஸ் ஆவதற்குப் (பந்து வலப்பக்கம் வளைந்து போவது) பல நேரம் இதுதான் காரணம். பாத் 0 வேண்டுமானால் டைரக்ஷனைப் பிளஸ் 2.8க்குக் கொண்டுபோக வேண்டும்.

கேள்வி: அப்படியானால் பிளேனைப் படுக்க வைத்தால் ஸ்லைஸ் போகுமா அண்ணா?

பதில்: போகாது. சைக்கிள் டயரைச் சாய்த்துப் பிடியுங்கள்: சாய்வு ஒன்று, அது நோக்கும் திசை வேறொன்று. சாய்வை மாற்றினாலும் திசை இடப்பக்கமே இருக்கலாம். தவிர, பாத்தைவிட ஃபேஸ் (பந்தைத் தொடும் கிளப் முகம்) திறந்து, அதாவது வலப்பக்கம் பார்த்து இருந்தால் பந்து வலப்பக்கம் வளையத்தான் செய்யும்.

கேள்வி: பிளேன் 60, கிளப்பின் லை ஆங்கிள் (கிளப்பைத் தரையில் வைத்தால் ஷாஃப்ட் தரையோடு சாயும் கோணம்) 62. கிளப்பை வளைத்துச் சரிசெய்யலாமா?

பதில்: வேண்டாம், இரண்டும் வெவ்வேறு அளவுகள். பந்தில் மார்க்கரால் நேர்க்கோடு போட்டு, கோடு ஃபேஸைப் பார்க்க வைத்து அடியுங்கள். ஃபேஸில் பதியும் கோடு செங்குத்தாக நின்றால் லை சரி.

கேள்வி: நேற்று பாத் பிளஸ் 1, இன்று பிளஸ் 4. ஸ்விங் மாறிவிட்டதா?

பதில்: பிளேனும் அட்டாக்கும் அப்படியே இருந்து, டைரக்ஷனும் பாத்தும் ஒரே 3 டிகிரி நகர்ந்திருந்தால் முதலில் மெஷினில் வைத்த இலக்குக் கோட்டைச் சரிபாருங்கள்.