கேள்வி – பதில்: நனையாத ஃபெல்ட்

கேள்வி: கல்லூரி புராஜெக்ட்டுக்காக ஒற்றை செல் வெனேடியம் ஃப்ளோ பேட்டரி (வெனேடியம் கரைந்த திரவத்தை பம்ப் மூலம் செல்லுக்குள் ஓட்டும் வகை) செய்தோம். சார்ஜ் ஏறியதும் 1.4 வோல்ட் காட்டுகிறது. லோடு கொடுத்தால் 1 வோல்ட்டுக்கும் கீழே விழுகிறது. மின்முனையாக வைக்கும் கார்பன் இழை விரிப்பை, அதாவது கார்பன் ஃபெல்ட்டை, கடையிலிருந்து வந்தபடியே வைத்தோம். எங்கே தவறு?

பதில்: வந்தபடியே வைத்ததில்தான் முதல் சந்தேகம். மீதமிருக்கும் ஃபெல்ட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தாமரை இலையில் நிற்பதுபோல் உருண்டு நின்றால், எலக்ட்ரோலைட்டும், அதாவது அந்த வெனேடியம் திரவமும், இழைகளை நனைக்காது. பம்ப் ஓடும்; இழைப் பரப்பில் பெரும்பகுதி சும்மா கிடக்கும்.

மஃபிள் ஃபர்னஸில் (ஆய்வக மின் உலையில்), காற்றுப் படும்படி, 400 டிகிரி செல்சியஸில் 30 மணி நேரம் வையுங்கள். இந்த பேட்டரி உருவான நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ்-கசாகோஸ் குழு 1992-இல் வெளியிட்ட முறை இது. செல்லின் ஆற்றல் திறன் 78 சதவீதத்திலிருந்து 88 ஆனது. இழைமேல் ஆக்சிஜன் தொகுதிகள் உண்டாவதால் ஃபெல்ட் நனைகிறது, வினையும் வேகம் பிடிக்கிறது. எடுத்தபின் அதே சொட்டுச் சோதனை: தண்ணீர் விட்ட உடனே உள்ளே இறங்க வேண்டும்.

நேரத்தை மிச்சப்படுத்த 600 டிகிரிக்கு ஏற்றிவிடாதீர்கள், கார்பன் எரிந்துபோகும். முன்னும் பின்னும் எடை போடுங்கள்; எடை வெகுவாகக் குறைந்து, விரலில் தேய்த்தால் தூள் உதிரும் துண்டைப் பயன்படுத்தக் கூடாது. செல்லில் ஏற்கெனவே இருந்த துண்டைச் சுட வேண்டவே வேண்டாம். அதில் கந்தக அமிலம் ஊறியிருக்கிறது, ஆபத்தான புகை வரும்.

அடுத்து, இறுக்கம். 6 மி.மீ. ஃபெல்ட்டுக்கு, அது உட்காரும் சட்டத்தின் ஆழம் 4.5 மி.மீ. இருக்கட்டும், 25 சதவீதம் அமுங்கும். தளர்ந்தால், ஃபெல்ட்டின் பின்னால் மின்சாரத்தைக் கடத்தும் பைபோலார் பிளேட்டோடு தொடர்பு கெட்டு மின்தடை கூடும். அதிகம் அழுத்தினால் பம்ப் திணறும். சார்ஜை 1.65 வோல்ட்டில் நிறுத்துங்கள், தாண்டினால் நேர்முனை ஃபெல்ட்டே அரிபட்டுப்போகும்.

கேள்வி: வண்டியின் கார்பன் ஃபைபர் பாடியே பேட்டரியாக முடியுமா?

பதில்: ஆய்வகத்தில் முடிந்திருக்கிறது. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகம் 2024-இல் வெளியிட்ட செல்லில் இரு முனைகளும் கார்பன் இழைதான். நேர்முனை இழைமேல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பூச்சு. விறைப்பு 70 கிகாபாஸ்கல், அதாவது அலுமினியத்துக்குச் சமம். சேமிப்பு கிலோவுக்கு 30 வாட்-மணி. சாதாரண லித்தியம் செல் இதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தரும். ஆனாலும் பாடியின் எடையை வண்டி எப்படியும் சுமக்கத்தான் போகிறது என்பதால், அந்த 30-ஐக் குறைத்து மதிப்பிட மாட்டோம்.