கேளுங்கள், சொல்கிறேன்: மறந்துபோன பாஸ்வேர்டு

கேள்வி: பைத்தானில் சின்னதாக ஒரு செயலி எழுதி, பயனர்களின் பாஸ்வேர்டை எஸ்எச்ஏ-256 மூலம் என்கிரிப்ட் செய்து வைத்திருக்கிறேன். ஒருவர் மறந்துவிட்டார். டிக்ரிப்ட் செய்ய எந்த ஃபங்ஷன்?

பதில்: அப்படி ஒன்று கிடையாது. பைத்தானின் ஹாஷ் தொகுப்பான ஹாஷ்லிப்பை முழுக்கத் துழாவினாலும் கிடைக்காது. என்கிரிப்ட் செய்ததைச் சாவி வைத்துத் திறக்கலாம்; நீங்கள் செய்திருப்பதோ ஹாஷிங், திரும்ப வழியில்லாத ஒருவழிப் பாதை. ஓர் எழுத்தைக் கொடுத்தாலும் 64 எழுத்து வரும், ஆயிரம் பக்கத்தைக் கொடுத்தாலும் அதே 64தான். ஆயிரம் பக்கமும் அதற்குள் மடிந்து கிடக்குமா என்ன? லாகினுக்குப் பழைய பாஸ்வேர்டைத் திரும்ப எடுக்கத் தேவையும் இல்லை. பயனர் தட்டியதை மறுபடி ஹாஷ் செய்து ஒப்பிட்டால் போதும். மறந்தவர் புதிதாக வைத்துக்கொள்ள ஒரு லிங்க் அனுப்புங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படித்தான், அதுவும் எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறையில், வைத்திருந்தேன். ஒருநாள் அந்த டேபிளை ஹாஷ் வரிசைப்படி அடுக்கிப் பார்த்தால், நாற்பது பேருக்கு மேல் ஒரே ஹாஷ்! அதை அப்படியே தேடுபொறியில் ஒட்டினேன். முதல் வரியிலேயே விடை: 123456. எனக்கு வியர்த்துவிட்டது.

எஸ்எச்ஏ-256 எம்டி5-ஐவிட வலுவானதுதான். ஆனால் இரண்டுமே படுவேகம். திருடியவன் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்க அந்த வேகமே உதவும். 1999-இல் வந்த பிகிரிப்ட் என்ற பாஸ்வேர்டு ஹாஷ் முறை வேண்டுமென்றே மெதுவாக ஓடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனி சால்ட் (தற்போக்கான சில பைட்டுகள்) சேர்ப்பதால், ஒரே பாஸ்வேர்டுக்கும் வேறுவேறு ஹாஷ் வரும். எவ்வளவு மெதுவாக என்பதை காஸ்ட் என்ற எண்ணால் சொல்லலாம்: காஸ்ட் 12 என்றால் 4,096 சுற்று; 13 என்றால் அதில் இரண்டு மடங்கு. இதற்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் முகவரியையும் ஹாஷ் செய்யலாமா?

பதில்: செய்துவிட்டு, பார்சலை எங்கே அனுப்புவீர்கள்? படித்தாக வேண்டியதை என்கிரிப்ட் செய்யுங்கள். பைத்தானில் அதற்கு கிரிப்டோகிராஃபி தொகுப்பில் உள்ள ஃபெர்னெட் போதும். சாவியை மட்டும் டேட்டாபேஸ் பேக்கப்போடு வைக்காதீர்கள்.

கேள்வி: 'கொடிமலர்' என்று தமிழில் வைத்த பாஸ்வேர்டு, போனில் சரி, கணினியில் தவறு என்கிறது. ஏன்?

பதில்: அருமையான பிழை! 'கொ' யூனிகோடில் இரண்டு விதமாக வரும். ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்தால் யூடிஎஃப்-8-இல் 6 பைட். ககரம், எகரக் கொம்பு, கால் என மூன்றாகப் பிரிந்து வந்தால் 9 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஹாஷுக்கு வேறுவேறு. உங்கள் இரண்டு கீபோர்டுகளும் ஆளுக்கொரு விதமாக அனுப்புகின்றன போலிருக்கிறது. ஹாஷ் செய்யுமுன் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் வடிவம்) அழையுங்கள், பதிவின்போதும் லாகினின்போதும். அப்புறம், பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்க்காது. தமிழில் குறிக்கு 3 பைட் வீதம் 24 குறிகளோடு சரி. நீளமான வாக்கியத்தைப் பாஸ்வேர்டாக வைப்பவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.