கிருமியின் பிடி: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நெருப்புக்காய்ச்சல் பற்றிய உங்கள் கட்டுரையில், கிருமி குடற்சுவர்க் கலத்தை "உடைத்துக்கொண்டு" நுழைகிறது என்று எழுதியிருந்தீர்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள் அதை வாசித்துவிட்டு, "உடைத்தால் கலம் செத்துவிடுமே அம்மா, பிறகு கிருமி எங்கே குடியிருக்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. வருடத்தில் மூன்று தடவையாவது எனக்குச் சலக்கடுப்பு வந்துவிடுகிறது. தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். சிறுநீரோடு கிருமியும் கழுவுண்டு போய்விட வேண்டாமா?

– ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் கேட்டது சரி. நான் எழுதிய சொல்தான் பிழை. கட்டுரையிலும் அதைத் திருத்திவிட்டேன். கலம் தன் சொந்தத் தேவைக்கு வைத்திருக்கும் பொறிமுறைகளை இயக்கி, அந்தக் கலமே தன்னை உள்ளே எடுத்துக்கொள்ளும்படி செய்வதுதான் இத்தகைய பக்டீரியாக்களின் வழி. நெருப்புக்காய்ச்சல் கிருமியும் அடங்கும் சல்மொனெல்லா இனத்தில், குறிப்பாக உணவு நஞ்சாதலை உண்டாக்கும் வகையில், இது மிக விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. குடற்கலத்தைத் தொட்டதும் அது ஊசி போன்ற ஒரு நுண்ணமைப்பின் ஊடாகச் சில புரதங்களைக் கலத்தினுள் செலுத்துகிறது. அவற்றுள் சில, கலத்தின் சட்டகமாகிய அக்டின் என்னும் புரத இழைகளைக் கட்டுப்படுத்தும் ஆளிகளைப் போட்டுவிடுகின்றன. உடனே அந்த இடத்தில் மென்சவ்வு மடிப்பு மடிப்பாக எழும்பி, உங்கள் கடற்கரையில் கல்லைச் சுற்றி அலை எழுந்து மூடுவதைப் போல, பக்டீரியாவை மூடி உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதன் பின்னர் வேறொரு புரதம் அதே ஆளிகளை அணைக்க, மென்சவ்வு பழைய நிலைக்குத் திரும்புகிறது. கலம் உயிரோடிருக்கிறது, பக்டீரியா அதனுள் ஒரு சவ்வுப் பையில் இருந்து பெருகுகிறது. மகள் கேட்ட குடியிருப்பு அந்தப் பைதான்.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு வயிற்றோட்டத்தை ஏற்படுத்தும் ஒரு வகை ஈ. கோலை பக்டீரியா, தான் பற்றிக்கொள்வதற்கான வாங்கியை, அதாவது பிடிமானமாக அமையும் புரதத்தை, தானே தயாரித்து, அதைக் குடற்கலத்தினுள் செலுத்தி, கலத்தின் மேற்பரப்பில் நாட்டிய பின்னரே அதைப் பற்றுகிறது. இது 1997 இல் தெரியவந்தது. அதை முதன்முதலாக வாசித்த நாளில் என்னால் வேறு எந்த வேலையிலும் மனம் செலுத்த முடியவில்லை.

இனி உங்கள் சந்தேகம். சலக்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணமாவதும் ஈ. கோலைதான், ஆனால் வேறு வகை. அதன் உடலைச் சுற்றி மயிரிழை போன்ற நூற்றுக்கணக்கான நீட்சிகள் இருக்கலாம். அவற்றின் நுனியில் ஃபிம்-எச் என்னும் புரதம் இருக்கிறது. சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் யூரோபிளாக்கின் என்னும் புரதங்களில் உள்ள மனோசு என்ற வெல்லத்தை அது பற்றிக்கொள்கிறது. சிறுநீரின் ஓட்டம் இந்தப் பிடியைத் தளர்த்தும் என்றுதான் எவரும் நினைப்போம். ஆனால் ஓட்டம் இழுக்கும்போது ஃபிம்-எச்சின் வடிவம் மாறிப் பிடி இறுகுகிறது, ஓட்டம் தணிந்தால் இளகுகிறது. காலி வீதியில் பஸ் மிதிபலகையில் தொங்குபவர், பஸ் வேகமெடுக்கும்போது கம்பியை இறுகப் பற்றி, தரிப்பிடத்தில் கையைத் தளர்த்துவதை நீங்கள் தினமும் காண்பீர்கள். ஓட்டத்தின் விசை கூடும்போது பிடியும் கூடுவது 2002 இல் ஆய்வுகூடத்தில் காட்டப்பட்டது.

அதற்காகத் தண்ணீர் குடிப்பதை விட்டுவிடாதீர்கள். இன்னும் பற்றாமல் மிதக்கும் கிருமிகள் கழுவப்படவே செய்கின்றன. அடிக்கடி சலக்கடுப்பு வருகின்ற, குறைவாக நீர் அருந்துகின்ற 140 பெண்களிடம் நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒன்றரை லீற்றர் மேலதிகமாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 தடவையும், மற்றவர்களுக்கு 3.2 தடவையும் நோய் வந்தது. நீங்கள் ஏற்கெனவே நிறையக் குடிப்பவர் என்பதால், இன்னும் கூட்டுவது உங்களுக்கு அதே அளவு உதவும் என்று நான் உறுதி கூறமாட்டேன்.

நோய் திரும்பத் திரும்ப வருவதற்குக் குடலிலிருந்து புதிதாக வரும் கிருமியும் காரணமாகலாம், சிறுநீர்ப்பையிலேயே தங்கிவிட்ட பழைய கிருமியும் காரணமாகலாம். பற்றிக்கொண்ட ஈ. கோலைகளில் சில உட்சுவர்க் கலங்களுக்குள்ளும் போய்விடுகின்றன. எலிகளில் செய்த ஆய்வுகளில், அவை அங்கே திரள் திரளாகப் பெருகுவதும், சில உறங்குநிலையில் வாரக்கணக்காகத் தங்குவதும் காணப்பட்டன. சிறுநீர்ப்பையும் தொற்றிய கலங்களை உதிர்த்து வெளியேற்றப் பார்க்கிறது. கலத்துக்குள் இருக்கும் கிருமியைப் பல மருந்துகள் எளிதில் எட்டுவதில்லை.

ஆகவே வருடத்தில் மூன்று தடவை என்பதை வழமை என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சென்ற தடவை மிஞ்சிய அன்டிபயோடிக் மாத்திரையை எடுப்பதோ, மருந்தகத்தில் பெயரைச் சொல்லி வாங்குவதோ வேண்டாம். காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க நோவு ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே போக வேண்டும். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கக்கூடும். கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கான சிறுநீரை, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதாக, மாத்திரை தொடங்குவதற்கு முன்னரே எடுத்துக் கொடுங்கள். ஒரு மாத்திரை விழுங்கிய பின் எடுத்தால், கிருமி உள்ளே இருந்தும் தட்டில் எதுவும் வளராமல் போகலாம்.