ரோமர்களும் லத்தீனியர்களும் ஒரே மொழி பேசியவர்கள்தானே, பிறகு ஏன் அத்தனை போர்கள்?

கேள்வி: ரோமர்களின் மொழியே லத்தீன். அப்படியிருக்க, ஆரம்பகால ரோம் பக்கத்து லத்தீன் ஊர்களோடு ஏன் திரும்பத் திரும்பச் சண்டை போட்டது? ஜெயித்த பிறகு அவர்களை என்ன செய்தது?

எனக்கும் இதே குழப்பம் இருந்தது. பள்ளியில் படித்தபோது ரோமின் எதிரி என்றால் கார்த்தேஜ், ஹானிபால், ஆல்ப்ஸ் மலை ஏறிய யானைகள், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ரோம் தன் சொந்த பந்தங்களோடு மோதிய கதையை ரொம்பத் தாமதமாகத்தான் படித்தேன். படித்த பிறகு, ரோம் எப்படிப் பெரிய அரசானது என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததே மாறிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

டைபர் ஆற்றுக்குத் தெற்கே விரியும் சமவெளியும் அதையொட்டி எழும் ஆல்பன் குன்றுகளும் சேர்ந்த பகுதிக்கு லாட்டியம் என்று பெயர். துஸ்குலம், அரிசியா, லானூவியம், பிரைனெஸ்டே, டிபூர் என்று அங்கே பல சிறு நகரங்கள். ரோமும் அவற்றில் ஒன்றாகத்தான் தொடங்கியது. டிபூர், அதாவது இன்றைய டிவோலி, ரோமிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். துஸ்குலம் அதைவிடப் பக்கம். காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். மொழி ஒன்று, தெய்வங்களும் பொது. வருடாவருடம் ஆல்பன் மலை உச்சியில் எல்லா ஊர்க்காரர்களும் கூடி ஜூப்பிட்டருக்குக் காளையைப் பலியிட்டு, இறைச்சியை ஊர்வாரியாகப் பங்கு பிரிப்பார்கள். ஓர் ஊருக்குப் பங்கு வராமல் போனதால் முழு விழாவையும் மறுபடி நடத்திய சம்பவங்கள்கூட உண்டு. பங்காளி உறவு என்று நாம் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். பங்காளிகளுக்குள் வருகிற கேள்விதான் இங்கேயும் வந்தது: இதில் மூத்தவன் யார்?

மன்னர் காலத்தில் ரோம் பக்கத்து லத்தீன் நகரமான ஆல்பா லோங்காவை அழித்த கதையும், இரு தரப்பிலும் மும்மூன்று சகோதரர்கள் மோதிய கதையும் பலருக்குத் தெரிந்திருக்கும். அவற்றில் புராணம் அதிகம், அதனால் தாண்டிப் போகிறேன். முதல் பெரிய மோதல் ரெஜில்லஸ் ஏரிக்கரையில், கி.மு. 499 அல்லது 496-இல் நடந்தது. துரத்தப்பட்ட ரோம மன்னன் டார்க்வினுக்காக அவன் மருமகன், துஸ்குலத்தைச் சேர்ந்த ஆக்டேவியஸ் மாமிலியஸ், லத்தீன் ஊர்களைத் திரட்டிக்கொண்டு வந்தான். ரோம் வென்றது. இரட்டைத் தெய்வங்களான காஸ்டரும் போலக்சும் குதிரை மீது வந்து உதவினார்கள் என்று ரோமர்கள் நம்பினார்கள். அவர்களுக்கு எழுப்பிய கோயில் பின்னாளில் புதுப்பிக்கப்பட்டது. அதன் மூன்று தூண்கள் ரோம் நகரச் சதுக்கத்தில் இன்றும் நிற்கின்றன.

எனக்குப் போரைவிட அதற்கு அடுத்து நடந்தது முக்கியமாகப் படுகிறது. கி.மு. 493-இல் ஸ்பூரியஸ் காசியஸ் என்ற கான்சல் (வருடாவருடம் தேர்ந்தெடுக்கப்படும் இரண்டு ஆட்சித் தலைவர்களில் ஒருவர்) லத்தீனியர்களோடு சமமான ஓர் ஒப்பந்தம் போட்டார். வானமும் பூமியும் தத்தம் இடத்தில் இருக்கும்வரை சமாதானம், ஒருவரைத் தாக்கினால் மற்றவர் உதவ வேண்டும், போரில் கிடைப்பதில் ஆளுக்குப் பாதி. இன்னொரு ஷரத்து உண்டு: கொடுக்கல் வாங்கல் வழக்குகளை, ஒப்பந்தம் எங்கே போடப்பட்டதோ அந்த ஊரிலேயே பத்து நாளுக்குள் தீர்க்க வேண்டும். சாதாரண வியாபாரியை நினைத்து எழுதிய வரி அது.

மலைகளிலிருந்து வோல்சியர்களும் ஏக்குவியர்களும் இறங்கி வந்து இருவரையும் நெருக்கிக்கொண்டிருந்தவரை இந்த உறவு தாக்குப்பிடித்தது. ஆனால் கி.மு. 396-இல் ரோம், டைபருக்கு வடக்கே வாழ்ந்த எட்ருஸ்கர்களின் வெய் நகரத்தைப் பிடித்து அந்த நிலத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது. நடுவில் வடக்கிலிருந்து கால்லியர்கள் என்ற இனத்தார் வந்து ரோமையே சூறையாடினார்கள், ரோம் அதிலிருந்தும் எழுந்தது. ஏட்டில் சமம், நடப்பில் ஒருவன் மட்டும் வளர்ந்துகொண்டே போகிறான். லத்தீன் இளைஞர்கள் ரோமின் போர்களில் சாகிறார்கள், எங்கே போர் என்பதை முடிவு செய்வது மட்டும் ரோமின் மூத்தோர் அவையான செனட்.

கி.மு. 340-இல் இது வெடித்தது. சேதியா என்ற லத்தீன் ஊரைச் சேர்ந்த லூசியஸ் அன்னியஸ் தலைமையில் லத்தீன் தூதர்கள் ரோமுக்கு வந்து, இரண்டு கான்சல்களில் ஒருவரும் செனட்டில் பாதிப் பேரும் லத்தீனியர்களாக இருக்க வேண்டும் என்று கேட்டதாக ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். லிவி வாழ்ந்தது முந்நூறு வருடங்களுக்குப் பிறகு. இந்தக் கோரிக்கையே பிற்கால அரசியலிலிருந்து முன்னால் கொண்டுபோய் ஒட்டப்பட்டது என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். வார்த்தைகள் லிவியுடையவை என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. மனக்குறை மட்டும் உண்மையானது என்றே நினைக்கிறேன்.

வெசுவியஸ் எரிமலைப் பக்கம் இரு படைகளும் எதிரெதிரே நின்றபோது ஒரு விசித்திரமான சிக்கல். ஆயுதம் ஒன்று, அணிவகுப்பு ஒன்று, பேச்சும் ஒன்று. நேற்றுவரை ஒரே முகாமில் படுத்தவர்கள். யார் எதிரி என்பதே குழம்பிவிடும் என்று அஞ்சிய கான்சல்கள், அணியை விட்டு வெளியே போய் யாரும் தனியாகச் சண்டையிடக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அந்தக் கான்சல்களில் ஒருவர் டைட்டஸ் மான்லியஸ் டொர்க்வாட்டஸ். இளம் வயதில் ஒரு கால்லிய வீரனை ஒற்றைக்கு ஒற்றை வென்று, அவன் கழுத்து வளையத்தை எடுத்து அணிந்ததால் அந்தப் பட்டப்பெயர் வந்தது.

அவர் மகன் குதிரைப் படையோடு வேவு பார்க்கப் போனான். துஸ்குலத்துக் குதிரைப் படைத் தலைவன் ஜெமினஸ் மைசியஸ் அவனை அடையாளம் கண்டு, பேர் சொல்லியே சீண்டினான். பையன் பொறுக்கவில்லை. மோதி அவனைக் கொன்று, ஆயுதங்களை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் பெருமையோடு வந்தான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எக்காளம் ஊதிப் படையைக் கூட்டினார். எல்லோர் கண் முன்னாலும் மகன் தலையை வெட்ட வைத்தார்.

இந்த இடம் வந்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவேன். ரோமர்கள் இதை ஒழுக்கத்துக்கு உதாரணமாகச் சொன்னார்கள். ஆனால் லிவி இன்னொன்றையும் பதிவு செய்கிறார்: வெற்றியோடு மான்லியஸ் ஊர் திரும்பியபோது முதியவர்கள் மட்டுமே எதிர்கொள்ள வந்தார்கள், இளைஞர்கள் அவர் வாழ்நாள் முழுக்க அவரை வெறுத்தார்கள். நான் அந்த இளைஞர்கள் பக்கம். இன்னொரு கான்சல் டேசியஸ் மூஸ், தன் அணி பின்வாங்கியபோது தன்னையே பாதாளத் தெய்வங்களுக்கு நேர்ந்துகொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் குதிரையை விட்டு இறந்தார் என்கிறது மரபு.

கி.மு. 338-இல் போர் முடிந்தது. லத்தீனியர் பக்கம் நின்ற ஆன்டியம் துறைமுகத்தில் பிடித்த கப்பல்களின் முன்மூக்குகளைக் கொண்டுவந்து ரோமின் பேச்சு மேடையில் பதித்தார்கள். மூக்குக்கு லத்தீனில் ரோஸ்ட்ரம். இன்றும் ஆங்கிலத்தில் மேடைக்கு அந்தச் சொல்தான்.

சரி, தோற்றவர்களை என்ன செய்தார்கள்? ஒட்டுமொத்தமாக ஒரே தீர்ப்பு கொடுக்கவில்லை, ஊர் ஊராக எடுத்துப் பேசினார்கள். லானூவியம், அரிசியா, நோமென்டம், பெடம் ஆகியவற்றுக்கு ரோமக் குடியுரிமை. துஸ்குலத்துக்கு முன்பே கிடைத்திருந்த குடியுரிமை நீடித்தது. வெலிட்ரேயின் மதிலை இடித்து, அதன் செனட்டர்களை டைபருக்கு அக்கரையில் குடியேற்றினார்கள். டிபூரும் பிரைனெஸ்டேயும் நிலத்தை இழந்தாலும் கூட்டாளிகளாகவே விடப்பட்டன. மற்ற லத்தீன் ஊர்கள் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்கக் கூடாது, வாங்கி விற்கக் கூடாது, கூட்டம் போடக் கூடாது. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் ஒன்றையொன்று தொடாமல் நடுக் குடத்தில் மட்டும் சேர்வதுபோல, ஒவ்வோர் ஊருக்கும் இனி உறவு ரோமோடு மட்டும். அண்டை ஊரில் சம்பந்தம் முடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

எனக்கு இதில் கொடுமையும் தெரிகிறது, அசாத்தியமான அரசியல் புத்தியும் தெரிகிறது. அதற்கப்புறம் 'லத்தீனியர்' என்பது இனப் பெயராக இருந்து சட்ட அந்தஸ்தாக மாறியது. கி.மு. 334-இல் தெற்கே காலெஸ் என்ற ஊரில் 2,500 பேரைக் குடியேற்றினார்கள். இப்படிப்பட்ட குடியேற்றங்களுக்குப் போன ரோமர்களே சட்டப்படி லத்தீனியர் ஆனார்கள். ஹானிபால் இத்தாலியில் இருந்தபோது, கி.மு. 209-இல், இத்தகைய 30 ஊர்களில் 12 இனி ஆள் தர முடியாது என்று கைவிரித்தன. மற்ற 18 ரோமோடு நின்றன. அவை நிற்காமல் போயிருந்தால் ரோம் தாங்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

லத்தீனியர்கள் கேட்டதாகச் சொல்லப்படும் அந்தக் கான்சல் பதவி? போர் முடிந்து 16 வருடத்தில், கி.மு. 322-இல், லூசியஸ் ஃபுல்வியஸ் என்பவர் ரோமின் கான்சல் ஆனார். அவர் துஸ்குலத்துக்காரர்.