பெங்களூருவில் வேலை, ஊரில் தோட்டம்: தொலைவிலிருந்து தண்ணீர் பாய்ச்சுவது குறித்த கேள்வி பதில்

இங்கே கேட்டிருப்பவர்களில் பலருக்கு வேலை வைட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ. நிலம் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ஐயா, மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும் ஸ்டார்ட்டர் வாங்கினேன். ஜியோ சிம் போட்டால் சிக்னலே எடுக்கவில்லை. கருவி பழுதா? (கே.ஆர்.புரம்)

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்தப் பெட்டிகளில் பலவற்றில் 2ஜி மோடம்தான் இருக்கிறது. ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது. 2ஜி தரும் நிறுவனத்தின் சிம்மைப் போடுங்கள், அல்லது 4ஜி பெட்டியாக மாற்றிக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்துக்குச் சிக்னல் நன்றாக இருக்கிறது என்பதைக் கிணற்றடியில் நின்று பாருங்கள். வீட்டுத் திண்ணையில் கிடைப்பது மோட்டார் கொட்டகைக்குள் கிடைக்காது.

மோட்டார் ஓடுகிறது என்று போனில் செய்தி வருகிறது. பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்டால் குழாயில் தண்ணீரே இல்லை என்கிறார். (அல்சூர்)

அந்தச் செய்திக்கு ‘ஸ்டார்ட்டர் இழுத்துவிட்டது’, அதாவது மோட்டாருக்கு மின்சாரம் போய்விட்டது என்பதற்கு மேல் பொருள் இல்லை. தண்ணீர் வருகிறதா என்று தெரிய வேண்டுமானால் மோட்டார் எடுக்கும் ஆம்பியரை அளக்க வேண்டும், கூடவே வெளியேற்றுக் குழாயில் நீரின் அழுத்தத்தை உணரும் ஒரு சுவிட்ச் வேண்டும். போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கிப் பம்பு வெறுமனே சுற்றினால் ஆம்பியர் வழக்கத்தைவிடக் குறையும். உடனே நிறுத்தாவிட்டால் பம்பு போய்விடும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போனால் கதை வேறு: மற்ற முனைகளில் ஆம்பியர் ஏறி, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று கருகும். இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லாத பெட்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி வைத்திருந்தால், யாராவது பம்பில் கை வைத்திருக்கும்போதும் அது ஓடும். பழுது பார்க்கும் முன் மெயினை இறக்கச் சொல்லிக் கொட்டகையிலேயே எழுதி ஒட்டுங்கள்.

அண்ணா, மாந்தோப்பில் லோரா வால்வு (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் ரேடியோ முறையில் இயங்குவது) போட்டிருக்கிறோம். போனில் ‘திற’ என்று அழுத்தினால் கால் மணி நேரம் கழித்துத் திறக்கிறது. நெட்வொர்க் மோசமா? (வைட்ஃபீல்ட்)

இல்லை தங்கை, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரியில் ஓடும் லோராவான் (லோரா கருவிகளின் நெட்வொர்க் முறை) கருவி பெரும்பாலான நேரம் தூங்கும். அதுவாக விழித்து ஒரு தகவல் அனுப்பும்; அனுப்பிய பிறகு சில நொடிகள் மட்டும் காது கொடுக்கும். அந்த நேரத்தில்தான் உங்கள் கட்டளை உள்ளே போக முடியும், அதுவரை சர்வரில் காத்துக் கிடக்கும். கால் மணிக்கு ஒருமுறை விழிக்கும் கருவி என்றால் தாமதமும் அவ்வளவுதான். எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும்படியும் வைக்கலாம். அதற்குச் சோலார் தகடோ மின் இணைப்போ வேண்டும்.

ஆனால் நான் கவலைப்படுவது திறப்பதைப் பற்றி அல்ல, மூடுவதைப் பற்றி. ‘மூடு’ என்ற கட்டளை பெங்களூருவிலிருந்து போய்ச் சேர வேண்டும் என்ற நிலையில் எந்தத் தோட்டத்தையும் விடக் கூடாது. ‘ஆறு மணிக்குத் திற, நாற்பது நிமிடத்தில் நீயே மூடு’ என்று முழு வேலையையும் முன்கூட்டியே வால்வுப் பெட்டிக்குள் ஏற்றிவிடுங்கள். பிறகு டவர் விழுந்தாலும் தோப்பு குளமாகாது. பேட்டரி வால்வுகளில் பெரும்பாலானவை ஒரு மின்துடிப்பில் திறந்து இன்னொரு துடிப்பில் மூடுபவை. திறந்த நிலையில் பேட்டரி தீர்ந்தால் திறந்தபடியே நிற்கும். பேட்டரி குறையும்போது தானாக மூடிக்கொள்கிறதா என்று விற்றவரிடம் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.

லோராவுக்கு லைசென்ஸ் வேண்டுமா? (எலெக்ட்ரானிக் சிட்டி)

865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையான ரேடியோ அலைவரிசையில் வேண்டியதில்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவி அமெரிக்காவுக்கானது, வாங்காதீர்கள். ஆன்டெனாவை மர உச்சிக்கு மேலே தூக்குங்கள், ஈர இலைகள் சிக்னலை விழுங்கும்.

ஈரப்பத சென்சாரை எங்கே புதைப்பது? இரண்டு ஒரே ரக சென்சார் இரண்டு விதமாகக் காட்டுகின்றன. (ஜெயநகர்)

சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் சொட்டும் முனைக்கு நேர் கீழே வைத்தால் எப்போதும் ஈரம் என்றே சொல்லும். ஒரு சாண் தள்ளி, வேர் படரும் ஆழத்தில் ஒன்று, அதற்கும் கீழே ஒன்று. மேலது காய்ந்தால் பாய்ச்ச நேரம். கீழது நனைந்துகொண்டே போனால் தண்ணீரை வீணாக்குகிறீர்கள். தோண்டிய மண்ணையே சேறாகக் குழைத்துச் சுற்றிலும் அப்புங்கள். காற்று இடைவெளி இருந்தால் அளவு பொய்யாகும். உங்கள் இரண்டு சென்சாரும் சண்டை போடுவதற்கு அதுதான் காரணமாக இருக்கக்கூடும்.

காட்டும் சதவீதத்தை அப்படியே நம்ப வேண்டாம். நன்றாகப் பாய்ச்சி, ஓரிரு நாள் வடியவிட்டு, அப்போது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மண்ணுக்கு அதுதான் நிறைவு. செம்மண்ணுக்கு வரும் எண் கரிசலுக்கு வராது. வெறும் உலோக முள் இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு வகை சீக்கிரமே அரித்துப்போகும். உலோகம் மண்ணில் படாமல் மூடியிருக்கும் கெப்பாசிட்டிவ் வகை வாங்குங்கள்.

மாடித் தோட்டத்தில் இருபது தொட்டி. சென்சார் வைக்கலாமா? (இந்திராநகர்)

வேண்டாம். குழாயில் மாட்டும் டைமர் போதும். 2024 மார்ச்சில் தோட்டத்துக்குக் குடிநீர் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூரு குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். சென்சாருக்குச் செலவழிப்பதை மழைநீர்த் தொட்டியில் போடுங்கள்.

ஊரில் அம்மா மட்டும் இருக்கிறார். அவருக்குச் செயலி எல்லாம் வராது. (கே.ஆர்.புரம்)

வர வேண்டியதில்லை. பெட்டியில் ‘கை / தானியங்கி’ என்று ஒரு திருகு சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். ‘கை’யில் திருப்பினால் உங்கள் போன் அதைத் தொட முடியாதபடி, ஆனால் மோட்டார் பாதுகாப்பு மட்டும் விடுபடாதபடி இணைப்பு இருக்க வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவையே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.